உண்ணிக் காய்ச்சலும் உயர்ந்த வம்சமும்

போன திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வெள்ளைத் தரையில் சிவப்புப் பொட்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று... சமையலறை வாசல்வரை. அங்கே கோப்பி படுத்திருந்தது, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக.

கோப்பி எங்கள் நாய். பால் ஊற்றாத கோப்பியின் நிறம். டத்தோ கிராமாட் சந்தைக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்ததைத் தூக்கி வந்தோம். அதன் வம்சாவளி அந்த மழைக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சேகரண்ணனின் நாய் அப்படியல்ல. பிரின்ஸ் – கோல்டன் ரிட்ரீவர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணன், பிரின்ஸின் வம்சாவளிச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார், முருகன் படத்துக்குப் பக்கத்தில். தன் தாத்தா எந்தக் கப்பலில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. நாயின் கொள்ளுத்தாத்தா பெயர் மனப்பாடம்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. மனிதர்களிடம் பார்ப்பது போதாதென்று நாயிடமுமா?

போன மாதம் பிரின்ஸுக்கு உண்ணிக் காய்ச்சல். அண்ணன் குடும்பம் வெளியூர் போனபோது நாய் விடுதியில் விட்டதில் உண்ணி ஏறிவிட்டது. உண்ணி கடித்தால் அதன் எச்சிலோடு ஒரு பாக்டீரியாவும் இரத்தத்தில் இறங்கும். பிரின்ஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கியது. மூன்றாம் நாள் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நான் நிபோங் திபாலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து ஓரம். கோப்பியும் வந்தது. திரும்பி இரண்டு வாரத்தில் சுருண்டு படுத்தது. காதுமடலுக்குள் பாசிப்பருப்பு அளவில் உண்ணி.

"கிளினிக் கொண்டு போயிருவோம்ங்க," என்றாள் மனைவி.

"ஏசி ரூம்ல தூங்குற நாயே ரெண்டு நாள்ல எழுந்திருச்சு. இது தெருவுல பொறந்த ரத்தம். தாங்கும் லா."

ஐந்து நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள்தான் அந்தச் சிவப்புப் பொட்டுகள்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் அங்கிள் இவ்ளோ லேட்டு?"

"பக்கத்து வீட்டு நாய்க்கும் இதே நோய்தான் டாக்டர். ரெண்டு நாள்ல சரியாயிருச்சு..."

"பேர்தான் ஒண்ணு அங்கிள். அந்தக் கிருமிக்குள்ளயே ரகம் நெறைய இருக்கு. ஜீன்ல கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஒரு ரகம் லேசா காய்ச்சல் காட்டிட்டுப் போயிரும். இன்னொண்ணு படுக்க வெச்சிரும்."

"இதுக்கு எந்த ரகம்?"

"இந்த டெஸ்ட்ல நோய் இருக்கான்னு மட்டும்தான் தெரியும். நாயோட உடம்பும் ஒரு காரணம், லேட்டா வந்ததும் ஒரு காரணம். ரகம் தெரியாததுனாலதான் மொத நாளே வரணும்னு சொல்றோம்."

"பொழச்சுக்குமா?"

"ரெண்டு நாள் தாண்டட்டும்."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சேகரண்ணன் தன் நாயின் வம்சத்தை நம்பினார். நான் என் நாய்க்கு வம்சம் இல்லாததை நம்பினேன். என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு பேருமே இரத்தப் பெருமைதான் பேசிக்கொண்டிருந்தோம். பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண் கொடுக்கிற ஜனங்கள் நாம் – இரத்தத்துக்குள் குடியேறிய கிருமி எந்தக் குலம், என்ன கோத்திரம் என்று மட்டும் கேட்கவில்லை. அவராவது நாயை முதல் நாளே டாக்டரிடம் காட்டினார்.

மூன்றாம் நாள் கோப்பி வாலை ஆட்டியது. ஒரே ஒரு தடவை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நேற்று வேலியோரம் சேகரண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்போ தம்பி, உங்க நாய்க்கு வந்ததுதான் ஸ்ட்ராங் ரகமா?"

"இருக்கலாம்ணே. உறுதியா தெரியாது."

அவர் முகம் லேசாக வாடியது. பிரின்ஸை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு உயர்ந்த குடும்பத்து நாய்க்கு இப்படியொரு மட்டமான கிருமியா...

"சர்டிபிகேட் ஏதும் குடுத்தாங்களா?" என்றார்.

கொடுத்தார்கள். இருபத்தெட்டு நாள் மாத்திரை அட்டவணை. ஹாலில் ஒட்டியிருக்கிறேன்.