தலைவர் எடுக்கச் சொன்ன ஆட்கள்

ஃப்ளெக்ஸ் பேனர் தொழிலில் படத்தில் ஆளைச் சேர்ப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு. கொரட்டூரில் கடை வைத்திருக்கும் எனக்கு அதைப் புரியவைத்தவர் பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து ஃப்ளாட் சங்கத் தலைவர். ஆள்வது நாலு பிளாக், நடந்துகொள்வது அதிபர் மாதிரி. சக டிசைனர்களே, உங்கள் கடைக்கும் இப்படி ஒருவர் வராமல் இருக்க மாட்டார்.

தோளில் ஒரு கை

ஆண்டு விழா பேனருக்காக, போர்வெல் திறந்த அன்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தார். பக்கத்தில் அவர் தோளில் கை போட்டபடி அப்போதைய செயலாளர் பீட்டர். போர்வெல்லுக்காக அலைந்தவரே பீட்டர்தான். பிறகு கூட்டத்தில் தலைவரை எதிர்த்துப் பேசிவிட்டார். "இவர் அன்னைக்கு வரலைன்னு வச்சுக்குங்க," என்றார் தலைவர். பீட்டரை எடுத்தேன்.

பேனரைக் கட்டப்போன என் கடைப் பையன் கஜா போன் செய்தான். "அண்ணாத்தே, ஆளு பூட்டாரு, கை மட்டும் தோள்ல கீது." பதறிக்கொண்டு ஓடினேன். தலைவர் அண்ணாந்து பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இருக்கட்டும் சார். கேட்டா மக்கள் ஆதரவுன்னு சொல்லிக்கலாம்."

படகுச் சவாரி

அடுத்தது சங்க வரலாற்றுப் புத்தகம். ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். படகில்தான் ஆட்களை மீட்டார்கள். அந்தப் படத்துக்குக் கீழே தலைவர் எழுதித் தந்தது, 'குடியிருப்போருக்காகத் தலைவர் ஏற்பாடு செய்த படகுச் சவாரி'.

படத்தில் கீழ்த்தள வீட்டு சுமதி மேடம், மடியில் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். "சவாரிக்கு சிலிண்டர் எதுக்கு சார்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அதை ஒரு பர்த்டே கேக்கா மாத்திடுங்க. ஆனந்தக் கண்ணீர்னு ஆயிடும்."

பம்ப்

அடுத்த மழைக்கு முன் சுமதி மேடமே கடைக்கு வந்தார். தண்ணீர் இறைக்கும் பம்ப் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டாராம். புதிதாகக் குடிவந்தவர்கள் புத்தகத்தைக் காட்டி, இங்கே வெள்ளமே வந்ததில்லையே என்று மறுத்துவிட்டார்களாம். ஒருவர், அடுத்த சவாரி எப்போது என்றும் விசாரித்திருக்கிறார். "மழை வந்தா என் மாமியாரை எப்படித் தூக்குவேன் சார்?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திருத்தாத படத்தைப் பெரிதாக அடித்துக் கொடுத்தேன். அதைக் குடியிருப்பு கேட்டிலேயே கட்டினார். அந்த வாரமே பம்ப் வந்துவிட்டது.

பின்னாலேயே தலைவரும் வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பம்ப் தந்த தலைவருக்கு நன்றின்னு ஒரு பேனர் போடுங்க சார், கீழ சுமதி மேடம் பேரு."

ஒரிஜினல் படங்களை இப்போதெல்லாம் நான் அழிப்பதில்லை. எந்தத் தலைவருக்கு எப்போது உண்மை தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.