எதிரணிக்கு வைத்த ரசம்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் அணி தோற்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, விளக்கேற்றி வைத்து வேண்டிக்கொண்டேன். சாமியும் கேட்டது. ஒரு ஆட்டம் விடாமல் தோற்றோம்.

காரணம் இருந்தது. மெல்போர்னில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு வேலை தயாராக இருந்தது. ஆக்லாந்தில் பல வருஷமாக ரத்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்களை இயந்திரத்துக்குள் வைப்பதும் எடுப்பதும்தான் என் வேலை. மெல்போர்னில் கிடைத்ததோ நான் படித்த படிப்புக்கான வேலை, அதுவும் ஒரு பிரிவுக்கே பொறுப்பு. செப்டம்பர் கடைசி வரை பதிலுக்குக் காத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

குறுக்கே வந்து விழுந்தது ஃபூட்டி. ஆஸ்திரேலியாக்காரர்களின் கால்பந்து. முட்டை வடிவத்தில் பந்து, கிரிக்கெட் மைதானம் மாதிரி பெரிய மைதானம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். இங்கே நியூசிலாந்தில் அதை யார் சீண்டுகிறார்கள்? ஆக்லாந்தில் ஒரு சின்ன லீக், விரல் விட்டு எண்ணக்கூடிய கிளப்கள், வாராவாரம் அதே முகங்கள். சலித்துப்போய்ப் புதுக் கிளப்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அது எங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்ததுதான் என் தலையெழுத்து. மெல்போர்னில் பல காலம் இருந்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரோடு சேர்ந்து டிவியில் பார்த்துப் பார்த்து அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அண்ணன் பயிற்சியாளர், இவர் செயலாளர். கிளென் ஈடன் பக்கம் ஒரு மைதானம் பிடித்துப் புது கிளப் தொடங்கியேவிட்டார்கள். ஒரு சீசன் வெள்ளோட்டம். முடிவில் பழைய கிளப்கள் கூடிக் கை தூக்கினால் நிரந்தர இடம்.

"இந்த ஒரு சீசன் மட்டும்மா. சேத்துக்கலைன்னா மூட்டையைக் கட்டிடலாம், சத்தியமா" என்றார்.

"சேத்துக்கிட்டா?"

"இன்னும் ரெண்டு வருஷம் நானே செயலாளரா இருக்கேன்னு வாக்கு குடுத்துட்டேன். வேற யாரும் முன்வர மாட்டேங்கறாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கிளப் நோட்டைத் திறந்து கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தனியாகக் கிளம்பலாம் என்றால் லின்ஃபீல்டில் வீட்டின் மேல் மார்ட்கேஜ் கடன், பள்ளிக்கூடத்தில் மகள். ஆஸ்திரேலியாக்காரர்களின் விளையாட்டு என்னை ஆஸ்திரேலியாவுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

இது போதாதென்று, ஒவ்வொரு கிளப்பும் ஒரு கோல் அம்பயரைத் தர வேண்டுமாம். வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்க வேண்டும். பந்து நடுக் கம்பங்களுக்குள் போனால் இரண்டு கொடி அசைக்க வேண்டும், நடுக் கம்பத்துக்கும் ஓரத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு கொடி. ஆடத் தெரியாத ஆள் நான் ஒருத்திதானே, என்னை நிறுத்திவிட்டார்கள். கோட் யாரோ ஆறடி ஆளுடையது. கையை நாலு மடிப்பு மடித்தும் கொடியைப் பிடிக்க வரவில்லை. மழை சரிந்து அடிக்கும், கம்பத்தை விட்டு நகரக்கூடாது. மைதானத்தின் அந்தக் கோடியில் பந்து இருக்கும்போது சுவரைப் பார்த்து நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளை மாதிரி நிற்பேன். எதிரணி கோல் போடும்போது மட்டும் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். இரண்டு கொடியையும் தோள் வலிக்க வலிக்க அசைப்பேன்.

"தங்கச்சி, எங்கட பக்கம் கோல் விழேக்கையும் இப்பிடி ஆட்டுவியளோ?" என்பார் அண்ணன்.

"விழட்டும் அண்ணே, பார்க்கலாம்" என்பேன்.

ஒரு சனிக்கிழமை வரமாட்டேன் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வாசலில் இவர் காரை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் சத்தியமாகப் போயிருக்கமாட்டேன். மனுஷன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? எழுந்து போனேன்.

இனி ரசத்துக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தன்று எனக்காக ஒரு ஃபிளாஸ்க் மிளகு ரசம் கொண்டுபோயிருந்தேன். இடைவேளையில் எதிரணிக்காரர் ஒருவர், கை முழுக்கப் பச்சை குத்திய மலை மாதிரி ஆள், உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டே நான் மட்டும் குடிக்கவா முடியும்? மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வழிய இன்னொன்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் பெரிய குண்டானில் வைத்தேன். அப்புறம் அதோடு வடையும் சேர்ந்தது. நம் மைதானத்துக்கு வருகிறவர்கள் நம் விருந்தாளிகள்தானே, வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? நாங்கள் இவ்வளவு மோசமாக ஆடும்போது யார் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள், போகிற போக்கில் நாலு பேர் வயிறாவது நிறையட்டும் என்றும் ஒரு தைரியம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பெரிய ஆட்கள் கையில் கோப்பையோடு வரிசையில் நின்றது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

செப்டம்பரில் ஹென்டர்சனில் ஒரு கிளப் அறையில் கூட்டம் நடந்தது. நானும் போனேன், வெறுங்கையோடு. என் காதாலேயே "இல்லை" என்பதைக் கேட்க வேண்டியிருந்தது. மெல்போர்னுக்கான பதிலை ஃபோனில் எழுதித் தயாராக வைத்திருந்தேன்: வருகிறேன், நன்றி. அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

லீக் தலைவி, தலை நரைத்த வெள்ளைக்கார அம்மா, எங்கள் தோல்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்காக. அப்போது அந்தப் பச்சை குத்திய ஆள் எழுந்தார். அவர் தன் கிளப்பின் பிரதிநிதியாம்.

"இவர்களுக்கு ஆடத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் மற்ற சனிக்கிழமைகளில் நான் வீடு வீடாக ஃபோன் போட்டு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் மைதானத்தில் ஆட்டம் என்றால் காயம் பட்டவன்கூட நொண்டிக்கொண்டு வந்துவிடுகிறான். அந்த சூப் இருக்கிற வரை இந்த லீக் சாகாது."

அடுத்த கிளப்காரரும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவர் வடையையும் சேர்த்துச் சொன்னார். தலைவி கை தூக்கச் சொன்னார். தூக்காத கை ஒன்றுகூட இல்லை.

என் கையாலேயே புளி கரைத்து, என் கையாலேயே மிளகு தட்டி, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அறையே எழுந்து நின்று கத்தியது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உன்னாலதாம்மா" என்றார். அந்த நிமிஷம் அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதே நிமிஷம் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

தலைவி ஒரு பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். பழைய கிளப்கள் எல்லாம் சேர்ந்து வாங்கியதாம். பிரித்தேன். புது வெள்ளைக் கோட். எனக்கென்றே தைத்தது.

"போட்டுப் பாருங்கோ தங்கச்சி" என்றார் அண்ணன்.

போட்டேன். தோள் சரியாக உட்கார்ந்தது. கையை ஒரு மடிப்புகூட மடிக்க வேண்டியிருக்கவில்லை. பொத்தானைப் போடும்போது அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.