எஸ்தருக்கு யார் மார்க் போட்டது?

இன்று காளப்பநாயக்கன்பட்டியில் மலை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு வாத்தியார்கள். வேலைக்கு மார்க் போட்டு அரசு ஊழியருக்குச் சம்பளம் தரலாமா என்று ஒரே சண்டை.

"நம்ம வேலைக்கு யாருங்க மார்க் போடறது?" என்றார் ஒருவர்.

எனக்கு அம்மா ஞாபகம். நாகர்கோவிலிலிருந்து வந்து, இந்த மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அரசு நர்ஸாக இருந்தாள். பிரசவம் என்றால் கொட்டுகிற மழையிலும் நடந்தே போவாள். பெயர் எஸ்தர்.

பஸ் நின்றது. கீழே நின்ற ஒரு பெண்மணி, "எஸ்தரு, எறங்கு கண்ணு!" என்று கூப்பிட்டார்.

பஸ்ஸுக்குள் திருநீறு பூசிய மூன்று பெண்கள் ஒன்றாகத் திரும்பினார்கள்.

என் அம்மா கையில் பிறந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பெயரைத்தான் வைத்தார்கள். மகள் எனக்கு மட்டும் வேறு பெயர். நான் பிறந்தது நாகர்கோவிலில்.

உங்கள் ஊரில் எந்த அரசு ஊழியர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள்?