எட்டடிக் கம்பிக்குக் கீழே

என் எடை தொண்ணூற்று நாலு கிலோ. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. இருந்தும் எங்கள் காலனியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இன்றைக்கு அது தெரியும். காரணம் ஜெரால்ட். பழைய இரும்புக் கடைத் தராசில் என்னை ஏற்றி நிறுத்தி, எண்ணைச் சத்தமாகப் படித்து, "கோபாலு ஒருத்தன் வந்தா ஒன்ற ஆளு வந்த மாதிரிப்பா" என்று எல்லார் முன்னாலும் பூரித்துப் போனான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் அவன் கதையை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். மற்றவர்கள் "கிறுக்கன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

ஜெரால்ட் எனக்குப் பக்கத்து வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருவருக்கும் ஒரே இரும்புக் கம்பெனி. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவன் இருபத்தாறு வருஷமாக வெல்டர். நட்டு போல்ட் என்றாலே அவனுக்கு இளக்காரம். "போல்ட்டு இன்னிக்கு டைட்டா இருக்கும், நாளைக்கு லூசாவும். வெல்டிங் வெச்சா வெச்சதுதான்" என்பான். தான் வைத்த வெல்டிங்கைத் தானே ஒருநாளும் வெட்டியதில்லை என்று பீற்றிக்கொள்வான். அவன் வீட்டில் துணிக்கொடி வெல்டிங், அடுப்பு மேடையின் கால் வெல்டிங், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தட்டுகூட கேட்டோடு வெல்டிங். கேட்டைத் திறந்தால் தட்டும் கூடவே போகும், நாயும் பின்னாலேயே போகும். இதையெல்லாம் இருபத்து மூன்று வருஷமாகச் சகித்துக்கொண்டிருப்பவள் அவன் மனைவி மெர்சி. துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். அதிகம் பேச மாட்டாள்.

இவனுக்குக் கிறுக்குப் பிடித்தது செல்போனில். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பிக்கப் வண்டியை உயரமாக்கி, ஆற்றில் இறங்கி, மலையில் ஏறி, ராத்திரி அதிலேயே சோறாக்கித் தின்றுவிட்டுத் தூங்குகிற வீடியோ. கேன்டீனில் அதைத்தான் பார்ப்பான். எங்களுக்குப் பொழுது விடிவதும் சாய்வதும் ஷிப்ட் சைரனில்தான். ஒருநாள் சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "சைரன் கேக்காத எடத்துல ஒரு வாரம் இருக்கணும் கோபாலு. அவ்ளோதான் எனக்கு. ஆந்திரா பக்கம் மலையடிவாரத்துக்குப் போய்ட்டு வந்துட்டா போதும்." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன், சிரிக்கவில்லை.

ஏதோ கல் குவாரி ஏலத்தில், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றைப் பிடித்தான். ஹைவே ஓரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தேசப்பன் தன் ஷெட்டில் இடம் கொடுத்தார். பதினோரு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கேயே கிடந்தான். கமான் பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியைத் தூக்கினான். லாரிக்குப் போடுவது மாதிரி டயர் மாட்டினான். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சினுக்குக் காற்று போக ஒரு குழாயைக் கூரைவரை ஏற்றினான். சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டித் தன்னையே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு விஞ்ச் வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே கூரைக்கு ஒரு கேரியர், அதில் எட்டு விளக்கு. எல்லாமே வெல்டிங். சிப்காட்டில் மேனேஜர்முதல் வாட்ச்மேன்வரை காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏழு நாள் லீவும் வாங்கிவிட்டான். இந்த லீவை விட்டால் அடுத்தது ரிட்டயர்மென்ட்தான்.

மெர்சி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "புது வண்டின்னா மொதல்ல நம்ம ஊட்டு வாசலுக்கு வரணும். பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சு ஜெபம் பண்ணணும். அப்புறம் எங்க வேணா போ." அன்றைக்கு அவள் பஜாரிலிருந்து மங்கி குல்லா வாங்கி வந்திருந்தாள். ரெண்டு குல்லா. நான் கவனித்தேன். ஜெரால்ட் கவனிக்கவில்லை.

லீவுக்கு முந்தின வாரம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரப் புறப்பட்டோம். தேசப்பன் கடை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எங்கள் காலனி இந்தப் பக்கம். நடுவில் சப்வே. லாரி உள்ளே போகாமல் இருக்க, சப்வேக்கு முன்னால் எட்டடி உயரத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. தினமும் பைக்கில் அதற்குக் கீழேதான் வேலைக்குப் போகிறோம். வண்டி கம்பீரமாகப் போனது. நான் முன்னால் பைக்கில் போனேன். பின்னால் "டங்" என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கேரியர் கம்பியில் முட்டி நிற்கிறது, நாலு விரல் உயரம் அதிகம்.

கூட்டம் கூடிவிட்டது. "காடு மலையெல்லாம் ஏறும்ன்ன, ஊட்டுக்குப் போவாதா?" என்று ஒருவன் கேட்டான். ஜெரால்ட் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டர் கூப்பிட்டு, அந்தக் கம்பியை வெல்டிங் வைத்ததே இவன்தான்.

"டேய், நீ வெச்ச கம்பிடா இது! அளவு தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியும். மறந்துட்டேன்" என்றான். அப்புறம் வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்டி நிக்குது பாத்தியா, ஒரு கீறல் இல்ல" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவனை நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

அரசாங்கக் கம்பியை வெட்டினால் கேஸ். கேரியரை வெட்டு என்றால், "நான் வெச்ச வெல்டிங்க நானே வெட்டறதா? நடக்காது" என்கிறான். டயரில் காற்றை இறக்கினோம். ஒரு விரல் குறைந்தது, மூன்று விரல் பாக்கி. வடக்கே இருக்கும் ரயில்வே கேட்டும், பாலம் கட்டுவதற்காக மூடிக் கிடந்தது. வண்டியைப் பின்னாலேயே எடுத்து, தேசப்பன் ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வீடு வந்தோம்.

சனிக்கிழமை இருவருக்கும் ஷிப்ட் இல்லை. ஜெரால்ட் போனில் ஒரு மேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிக்னல் இல்லாத காட்டிலும் வழி காட்டுமாம். அதில் ஏரிக்கரை ஓரமாக ஒரு புள்ளிக்கோடு, தண்டவாளத்துக்கு அடியில் பெரிய மதகு வழியாக எங்கள் காலனிப் பக்கம் போகிறது. "இதான் கோபாலு ஆஃப்ரோடு! நீ மேப்பப் பாரு, நான் ஓட்டறேன்" என்றான். பின்னால் டூல் பெட்டிமேல் என்னை உட்காரவைத்தான். ஏரிக்கரையில் போனோம், கருவேல முள் கையைக் கிழித்தது, ஒரு கால்வாயில் இறங்கி ஏறினோம். வண்டி சும்மா சொல்லக்கூடாது, அருமையாக ஏறியது. அவன் சிரித்த சிரிப்பை நான் இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரம் புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றோம். அந்தப் பாதையை எப்போதோ ஒரு கம்பெனி வளைத்துக்கொண்டுவிட்டது. எந்தக் கம்பெனி என்று நான் யோசிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சைரன் ஊதியது. எங்கள் சைரன். சுவர்மேல் தலையை நீட்டின வாட்ச்மேன் துளசிராமன், "இன்னா ஜெரால்டு, லீவு நாள்லகூட பின்வாசல் வழியா வந்துகினு கீற?" என்றார்.

திரும்பும்போது கால்வாய் ஓரம் வண்டி சாய்ந்தது. நான் தடுமாறி, பின்பக்கம் டொம்மென்று உட்கார்ந்தேன். ஜெரால்ட் பிரேக் போட்டு இறங்கினான். அடிபட்டதா என்று கேட்பான் என்று பார்த்தால், டேப்பை எடுத்துக் கூரையை அளக்கிறான். "கோபாலு, நீ ஒக்காந்தா வண்டி இறங்குதுடா!"

அப்படித்தான் நான் தராசில் ஏறினேன். தொள்ளாயிரம் கிலோ ஏற்றினால் கமான் பட்டை அழுந்தி மூன்று விரல் இறங்கும் என்று கணக்குப் போட்டான். பழைய இரும்பையே ஏற்றலாமே என்றால் தேசப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "பில்லு இல்லாம இரும்பு ரோட்ல போனா பேஜாருப்பா. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி வேற. தானா ஏறி தானா இறங்குற சரக்கு மனுசன்தான்" என்றார். இட்லிக் கடை சுமலதா மட்டும் தராசில் ஏறவே மாட்டேன் என்று நின்றாள். "டப்பு எத்தினி குடுத்தாலும் அந்தத் தட்டுல ஏற மாட்டேன் நைனா. அந்தாஜா எழுதிக்கோ." குத்துமதிப்பாக எழுதியதற்கும் அவனைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டயர்க் காற்றை மறுபடி இறக்கிவிட்டு, கணக்கில் வந்த பதினாலு பேர் பின்னால் ஏறி, கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்தோம். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. கம்பிக்குக் கீழே ஆமை மாதிரி ஊர்ந்து, கேரியருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளியோடு, இந்தப் பக்கம் வந்துவிட்டோம்! காலனியே விசில் அடித்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, இல்லை என்று சொன்னால் பொய்.

வாசலில் பாதர் தீர்த்தம் தெளித்தார். "மெர்சி, நீயும் முன்னாடி ஏறி ஒக்காரும்மா, ரெண்டு பேருக்கும் சேத்து ஜெபம் பண்றேன்" என்றார். மெர்சி முந்தானையைச் செருகிக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்தாள். அங்கே சீட் இல்லை. சீட் இருந்த இடத்தில் அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் அடுப்பு. எல்லாம் வெல்டிங். மெர்சி கதவை மெதுவாக மூடிவிட்டு, "பரவால்ல பாதர், நான் கீழயே நின்னுக்கறேன்" என்றாள். பாதர் ஜெபத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்தார்.

திங்கட்கிழமை லீவின் முதல் நாள். வெளியே போகவும் அதே கம்பிதான், அதே பதினாலு பேர்தான் வேண்டும். விடியற்காலையிலேயே எல்லாரும் ஆஜர். ஆனால் கையில் பை. சுமலதா ஒரு அண்டா தக்காளி சாதத்தோடு வந்திருந்தாள். தேசப்பன் ஜமுக்காளம் எடுத்து வந்திருந்தார். "சப்வே தாண்டி இறக்கிவுட்டுப் போய்டுவியா? நாங்களும் மலைய பாத்துட்டுதான் இறங்குவோம்" என்றார்கள். நான் மட்டும் யோக்கியனா? அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லுங்கி எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

ஜெரால்டுக்கு முகம் செத்துப்போனது. மெர்சி வாசலில் நின்றாள். அவளிடமும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த மடையன் சொன்னான்: "நீயும் பின்னாடி ஏறிக்கோ மெர்சி. ஒன் வெயிட்டும் ஆவும்."

சுமலதா அண்டாவைக் கீழே வைத்தாள்.

"ஒன் சைக்கிள்ல வந்தேன், பைக்குல வந்தேன்" என்றாள் மெர்சி. சத்தம் போடவில்லை. "கேரியர் கம்பி குத்துனாலும் அது என் எடம்னு ஒக்காந்துகினு வந்தேன். பதினோரு மாசம் பாத்துப் பாத்துக் கட்டுனியே, தண்ணிக்கு எடம் கீது, அடுப்புக்கு எடம் கீது, எனக்கு எங்கயா எடம்? வெயிட்டுக்கு ஏத்துற மூட்டையா நானு?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெரால்ட் ஸ்டியரிங்கை விட்டான். அப்புறம் இறங்கி, "எல்லாரும் இறங்குங்கப்பா" என்றான். தேசப்பனிடம் கேஸ் கட்டர் கேட்டான். பத்து மணிக்கு அவனே கேரியர்மேல் ஏறி உட்கார்ந்து, அவனே வைத்த வெல்டிங்கை வெட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு துண்டு விழும்போதும் முகத்தைச் சுளித்தான், பல்லைப் பிடுங்குகிற மாதிரி. தொட்டியையும் வெட்டிப் பின்னால் தள்ளினான். மத்தியானம் கேரியர் பைப்பையே வளைத்து ஒரு சீட் செய்தான். சாயங்காலம் மெர்சி வெளியே வந்து, தையல் மெஷினில் தைத்த மெத்தையை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள். மெத்தை அளவு கச்சிதமாக இருந்தது. கதவுச் சந்தில் அவள் எப்போது அளந்தாள் என்று தெரியவில்லை.

பதினாலு பேருக்கும் பிக்னிக் போச்சு. தக்காளி சாதத்தை அந்தத் தெருவிலேயே தின்று தீர்த்தோம். சுமலதா அன்றைக்கு முழுக்க ஜெரால்டோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். வெயில் அப்போதே கொளுத்தியது. மெர்சி கிறிஸ்துமஸ் புடவை கட்டி, மங்கி குல்லாவைத் தலையில் மாட்டியிருந்தாள். இன்னொரு குல்லா ஜெரால்ட் தலையில். சப்வேவரை நான் பைக்கில் பின்னாலேயே போனேன். என் எடை யாருக்கும் தேவைப்படவில்லை. அதிலும் எனக்கு ஒரு கடுப்பு.

வண்டி கம்பியை நெருங்கியது. இப்போது கேரியர் இல்லை. கூரைக்கு மேல் நன்றாக ஒரு சாண் இடம் இருந்தது. இருந்தும் கம்பிக்கு அடியில் போகும்போது உள்ளே இரண்டு குல்லாவும் சேர்ந்து குனிந்தன. இருபதடி பின்னால் பைக்கில் இருந்த நானும் குனிந்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.