மயக்கம் தெளிந்த கோடை

பத்தாவது முடித்த கோடையில், எங்கள் பசு கன்று ஈன்றபோது ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன்.

"நீயா மாட்டு டாக்டராவப் போற?" என்று என் ஆசையைச் சொல்லி அண்ணன் சிரித்தான். காமர்ஸ் குரூப் எடுக்கச் சொன்னார் அப்பா.

"பயாலஜிதான் எடுப்பேம்பா. மயக்கத்த நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் முதல் எங்கள் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே டவுன் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண் கழுவுவதையும் தையல் போடுவதையும் கண்ணை மூடாமல் பார்த்தேன். தலை சுற்றினால் உட்கார்ந்து, தெளிந்ததும் மறுபடி எழுந்து நின்றேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள், கொம்பு முறிந்து வந்த காளைக்கு மருந்து வைக்கும்போது கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன். ரத்தம் தெறித்த தாவணியோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பயாலஜியே எடு" என்றார்.

பிளஸ் டூ முடித்ததும் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது.