தாளின் பின்பக்கத்துப் பெயர்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஒரு காற்புள்ளி விடுபட்டால்கூடப் பிடித்துவிடுவாள். "உன் கண்ணுல படாம நம்ம வீட்ல கொசுகூடப் பறக்க முடியாது" என்பான் கணவன். கல்விக் கொள்கையை ஆராய்கிறவர்களுக்காக, நாற்பது பெட்டிக் காகிதங்களோடு நாலு வருஷம் மல்லுக்கட்டி, ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து கணினிக் காப்பகத்தில் ஏற்றியவள் அவள்.

அந்தக் காப்பகத்தைத் திறக்கும் நாளன்று காலை பத்து மணிக்கு, தேடல் சரியாக வேலை செய்கிறதா பார்ப்போமே என்று தன் பழைய கணக்கு டீச்சரின் பெயரை விளையாட்டாக அடித்தாள். டீச்சர் கொடுத்த வாக்குமூலம் சட்டென்று வந்து நின்றது.

பள்ளிகளை மூடியதைப் பற்றி ஆசிரியர்கள் கொடுத்த வாக்குமூலங்களில் ஒன்று அது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பெயரை வெளியே விடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியவை. ஆனால் யாரோ ஒரு குமாஸ்தா ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, இரண்டு பக்கத்தையும் எடுத்து, கையெழுத்தையும் படித்துத் தேடலில் சேர்க்கும்படி இயந்திரத்தை வைத்தது அவளேதான்.

இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், இன்னைக்குத் திறக்கக் கூடாது. டீச்சர்ங்க பேரெல்லாம் தேடினா வருது."

அவர் வரவேற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தார். "பத்தரைக்கு அமைச்சகத்துலேருந்து ஆளுங்க வர்றாங்க. விழா முடியட்டும், மதியம் பாத்துக்கலாம்."

"அந்த டீச்சர்ங்க குறை சொன்னதே அவங்களைத்தானே சார்? முதல்ல தேடப்போறது யாரு?"

"கடைசி நேரத்துல குண்டைத் தூக்கிப் போடுறீங்களே! யாரு பண்ணின தப்பு இது?"

"நான்தான் சார்."

"அப்ப மதியம் நீங்களே சரி பண்ணுங்க. இப்பப் போங்க."

மேசைக்குத் திரும்பினாள். அந்தத் தொகுப்பைப் பூட்டும் கடவுச்சொல் அவளிடமும் இருந்தது. இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை பூட்டு விழுந்தபோது, வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கூட்டத்தில் ஓர் அதிகாரி குறிப்பாக அதையே கேட்டார். "அந்த வாக்குமூலங்களைக் கொஞ்சம் காட்டுங்க."

'அனுமதி இல்லை' என்றது திரை. இயக்குநர் முகம் கறுத்தது.

அவள் எழுந்து நின்றாள். "நான்தான் பூட்டினேன். அதுல திருத்த வேண்டிய தப்பு ஒண்ணு இருக்கு. மூணு மாசம் ஆகும்."

"என்ன தப்பு?"

"திருத்தினதும் சொல்றேன் சார்."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். மாலைக்குள் விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. போன மாதம் வெள்ளோட்டத்துக்காகச் சிலருக்குப் பொதுவாக ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர், ஒன்பது டீச்சர்களுடைய தாள்களைத் திறந்து பார்த்திருந்தது கணினிப் பதிவில் தெரிந்தது. கணக்கு டீச்சருடையதை இரண்டு முறை.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். அவர் இப்போது தலைமையாசிரியை; ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"பாத்தது யாரு?"

"தெரியல டீச்சர். என்னாலதான் வந்தது. மன்னிச்சிடுங்க."

"நான் எழுதினது ஒண்ணும் பொய்யில்ல. ஆனா இனிமே கல்வி ஆபீஸ்லேருந்து போன் வந்தாலே திக்குன்னு இருக்கும்."

டீச்சரே மறுபடி கேட்டார்.

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல டீச்சர். முதல்ல உங்ககிட்டதான் வந்தேன்."

"அப்ப இங்க நிக்காத, போ. அவங்களாவது தயாரா இருக்கட்டும்."

தெருமுனைக்கு வந்து, மீதி எட்டுப் பேரின் முகவரிகளை எடுத்து, பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தாள்.