காலாவின் மச்சம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ஷூக்களைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவது என் வேலை. பதினைந்து வருடமாக ஒரே சாஃப்ட்வேர்தான். சின்னது, இலவசம், சொன்ன வேலையை மட்டும் செய்யும். யாராவது அதைக் குறை சொன்னால் என் வீட்டு ஆளைச் சொன்னதுபோல் சண்டைக்குப் போவேன்.

பிறகு அதை ஏதோ பெரிய கம்பெனி வாங்கியது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு சனியன் சேர்ந்தது. திறந்தால் விளம்பரம். படத்தில் ஏதாவது முகத்தைக் கண்டால் கேட்காமலே மழமழவென்று ஆக்கிவிடும்; அதற்கான டிக்கை ஒவ்வொரு முறையும் நாமே எடுக்க வேண்டும். "வேற எதாச்சும் போட்டுக்கோங்கண்ணா" என்றாள் கூட வேலை செய்யும் பெண். வீம்புக்கு மாட்டேன் என்றேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைத் தெருவே காலா, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடும். கணவர் தவறிய பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை மக்காவுக்கு உம்ரா போவது. விசாவுக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். பின்னணியை வெள்ளையாக்கினேன், டிக்கை எடுக்க மறந்தேன். கன்னத்தில் மிளகளவு இருந்த மச்சம் காணாமல் போனது. இருபது வருடமாகப் பார்க்கிற முகம், எனக்கு உறைக்கவே இல்லை. காலா பளிச்சென்று இருக்கிறார் என்று சந்தோஷமாக டிராவல் ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன்.

பாஸ்போர்ட்டும் போட்டோவும் பொருந்தவில்லை என்று விசா திரும்பிவிட்டது. அப்போதுதான் படத்தைத் திறந்து பார்த்தேன். கன்னத்தில் மச்சம் இல்லை. மறுபடி விண்ணப்பிப்பதற்குள் காலா போக வேண்டிய குழு கிளம்பிவிட்டது. பெட்டி கட்டி, சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்த காலா என் வாசலில் நின்றார்.

"இன்னா பேட்டா ஆச்சு?"

"ஏஜென்ட் ஆபீஸ்ல ஒருத்தன் போட்டோவ ஏத்தும்போது கெடுத்துட்டான் காலா" என்றேன். கொஞ்சம்கூட நாக்கு கூசவில்லை.

அன்றே அந்த சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கினேன். பொய் சொன்னது அதுவா என்ன? அடுத்த போட்டோவை ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளச் சொல்லி நழுவினேன்.

ஐந்து மாதம் கழித்து வேறு குழுவோடு போய்வந்தார். பேரீச்சம்பழமும் சின்ன பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"உனக்கும் துவா செஞ்சேன் பேட்டா. அந்த ஆபீஸ்காரனுக்கும் செஞ்சேன். பாவம், அன்னிக்கு இன்னா பேஜார்ல இருந்தானோ. அவன மன்னிச்சுடு அல்லான்னு அழுது கேட்டேன்."

அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை காலா என்று வாய்வரை வந்தது.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு காலா" என்றேன்.